பிறக்கும்போதே குழந்தையின் கால் எலும்பு வளைந்திருந்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் மகளுக்கு இப்போது ஒன்பது வயது. பிறந்த அன்று துணியை விலக்கிப் பார்த்தால் இடது பாதம் மேலே மடங்கி, புறங்கால் கணைக்கால் எலும்போடு ஒட்டிக்கொண்டிருந்தது, கெண்டைக்காலுக்குக் கீழே பின்பக்கம் ஒரு புடைப்பு. அன்றிலிருந்து எலும்பு டாக்டர் அறைகளுக்கு வெளியே எத்தனையோ மணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன், பக்கத்தில் உட்கார்ந்த அம்மாக்கள் கேட்டதும் நான் டாக்டர்களைக் கேட்டதும் சேர்ந்ததுதான் இந்தப் பக்கம். நான் டாக்டர் இல்லை, இதைப் படித்துவிட்டு எக்ஸ்ரே எடுக்காமல் இருந்துவிடாதீர்கள்.

எந்த எலும்பைப் பற்றிப் பேசுகிறோம்?

முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் இடையில் இரண்டு எலும்புகள் இருக்கின்றன. முன்னால் தடவினால் கையில் படுவது பெரிய எலும்பு, டிபியா. வெளிப்பக்கம் ஒல்லியாக இருப்பது ஃபிபுலா. உடம்பின் எடையைத் தாங்குவது பெரும்பாலும் டிபியாதான், அது வயிற்றுக்குள்ளேயே வளைந்து வளர்ந்திருந்தால் அதைத்தான் பிறவி வளைவு என்கிறார்கள். அநேகமாக ஒரு காலில் மட்டும்தான் வரும்.

எல்லாக் குழந்தைக்கும் கால் கொஞ்சம் வளைந்துதானே இருக்கும்?

ஆமாம், அதனால்தான் நிறைய பேர் குழம்பிப்போகிறார்கள். நடக்கத் தொடங்கும் வயதில் இரண்டு காலும் வெளிப்பக்கமாக வில் மாதிரி இருப்பது சகஜம். ஒன்றரை, இரண்டு வயதில் அது நேராகும், மூன்று நான்கு வயதில் எதிர்ப்பக்கம் போய் முழங்கால்கள் ஒன்றோடொன்று இடிக்கும், ஏழு வயதுக்குள் பெரியவர்களின் கால் போல ஆகிவிடும். இதற்கு மருந்தும் வேண்டாம், பூட்ஸும் வேண்டாம்.

நாம் பேசுவது வேறு விஷயம். ஒரு காலில் மட்டும், பிறந்த நாளிலிருந்தே, முழங்காலில் இல்லாமல் எலும்பின் நடுவிலோ கீழ்ப்பகுதியிலோ வளைவு இருந்தால் 'எல்லாக் குழந்தைக்கும் அப்படித்தான்' என்ற பேச்சைக் கேட்டுக்கொண்டு வீட்டில் இருக்கக் கூடாது.

டாக்டர் 'வளைவு எந்தப் பக்கம்' என்றே திரும்பத் திரும்பப் பார்க்கிறார். ஏன்?

ஏனென்றால் எல்லாம் அதில்தான் இருக்கிறது. எவ்வளவு வளைந்திருக்கிறது என்பதைவிட எந்தப் பக்கம் புடைத்திருக்கிறது என்பதுதான் முக்கியம், இது தெரியாமல் முதல் ஆறு வாரம் நான் அழுதது வீண் அழுகை.

புடைப்பின் பக்கத்தை வைத்து மூன்று வகை சொல்கிறார்கள். புடைப்பு பின்பக்கமாகவும் உட்பக்கமாகவும், அதாவது அடுத்த காலைப் பார்த்தபடி இருந்தால் அது பின்-உள் வளைவு. என் மகளுக்கு இருந்தது இதுதான். பார்க்கும்போது மூன்றிலும் இதுதான் பயங்கரமாக இருக்கும், பாதம் வேறு மேலே மடங்கிக் கிடக்கும், ஆனால் மூன்றில் சாதுவானதும் இதுதான். தானாக நேராகும்.

புடைப்பு முன்பக்கமாகவும் வெளிப்பக்கமாகவும் இருந்தால் அது முன்-வெளி வளைவு. இது பார்க்கச் சின்னதாகத் தெரியும், சில சமயம் குழந்தை எழுந்து நிற்கும்வரை யார் கண்ணிலும் படாது. பயப்பட வேண்டியது இதற்குத்தான். இந்த எலும்பு சுலபமாக உடையும், உடைந்தால் தானாக ஒட்டாது.

முன்பக்கமாகவும் உட்பக்கமாகவும் புடைத்திருந்தால், பெரும்பாலும் பக்கத்தில் இருக்க வேண்டிய ஃபிபுலா குட்டையாக இருக்கும் அல்லது இல்லாமலே இருக்கும். புடைப்பின் மேல் தோலில் ஒரு குழி தெரியும், பாதத்தின் வெளிப்பக்கத்து விரல்களில் ஒன்றிரண்டு இல்லாமல் இருக்கலாம். இதில் வளைவு பெரிய பிரச்சினை இல்லை, கால் நீளமும் கணுக்காலின் உறுதியும்தான் பிரச்சினை. இது தனியாக ஒரு பக்கம் எழுத வேண்டிய விஷயம், இங்கே இதோடு விட்டுவிடுகிறேன்.

எக்ஸ்ரே கைக்குழந்தைக்கு ஆகுமா?

ஆகும். கால் எக்ஸ்ரேயில் போகும் கதிர்வீச்சு மிகக் குறைவு. முன்னிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, இரண்டு காலுக்கும் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். ஒரு கோணத்தில் மட்டும் எடுத்தால் வளைவு எந்தப் பக்கம் என்று முழுசாகத் தெரியாது, நல்ல காலையும் எடுத்தால்தான் நீளத்தை ஒப்பிட முடியும். முதல் எக்ஸ்ரேயைத் தூக்கிப் போடாதீர்கள், பத்து வருடம் கழித்தும் அதைக் கேட்பார்கள்.

ஏன் வந்தது? கிரகணம், சொந்தத்தில் கல்யாணம், கர்ப்பத்தில் விழுந்தது...?

கிரகணத்தன்று நான் அரிவாள்மனையில் காய் நறுக்கினேன் என்பது எங்கள் வீட்டில் ஒரு வருடம் ஓடிய வழக்கு. அந்த வழக்கை இங்கேயே தள்ளுபடி செய்துவிடலாம்.

பின்-உள் வளைவுக்கு உறுதியான காரணம் யாரும் சொன்னதில்லை. கருப்பையில் கால் நசுங்கிய நிலையில் இருந்ததால் என்று ஒரு விளக்கம் உண்டு, எலும்பு முளைவிடும்போதே கோளாறு என்று இன்னொன்று. இது குடும்பத்தில் தொடர்ந்து வருவதில்லை. என் மகளுக்குத் தம்பி பிறந்தான், அவன் கால் நேர்க்கோடு.

முன்-வெளி வளைவில் பாதி அளவுக்கு நியூரோஃபைப்ரோமடோசிஸ் முதல் வகை என்ற மரபணுக் கோளாறோடு சேர்ந்து வருகிறது. ஏறக்குறைய மூவாயிரம் பேரில் ஒருவருக்கு இருக்கும் கோளாறு இது, 17-ஆம் குரோமோசோமில் இருக்கும் ஒரு மரபணு பழுதாவதால் வருவது. இதற்கும் அத்தை மகனையோ மாமாவையோ கட்டியதற்கும் சம்பந்தமில்லை: அம்மா அப்பாவில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும், பாதிப் பேருக்கு இருவரிடமிருந்தும் வராமல் புதிதாகவே தோன்றுகிறது. ஆனால் பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வரும் வாய்ப்பு பாதிக்குப் பாதி, அதனால் அடுத்த குழந்தையை யோசிக்கும் முன் மரபணு ஆலோசனை கேட்பது நல்லது.

சொந்தத்தில் கல்யாணம் என்பதை டாக்டர் கேட்பது வேறு காரணத்துக்கு. இரண்டு காலும், தொடை எலும்பும், கையும் வளைந்திருந்தால் அது முழு எலும்புக்கூட்டையும் பாதிக்கும் நோயாக இருக்கலாம், அவற்றில் சில சொந்தத்தில் கட்டியவர்களின் பிள்ளைகளுக்கு அதிகம் வரும். எலும்பு சுலபமாக நொறுங்கும் பிறவி நோயும் அந்தப் பட்டியலில் உண்டு.

ஐந்தாம் மாத ஸ்கேனில் தெரிந்திருக்க வேண்டாமா?

சில சமயம் தெரியும், பல சமயம் தெரியாது. குழந்தை எந்தப் பக்கம் திரும்பிக் கிடக்கிறது என்பதைப் பொறுத்தது. ஸ்கேன் செய்தவர் மேல் எனக்கும் கோபம் இருந்தது, தெரிந்திருந்தாலும் செய்திருக்க ஒன்றுமில்லை என்று புரிந்தபின் அது போய்விட்டது.

எண்ணெய் போட்டு நீவிவிட்டால் நேராகாதா? கட்டுப் போடும் வைத்தியரிடம் போகலாமா?

குளிப்பாட்ட வரும் பாட்டி காலை உருவிவிடத்தான் செய்வார். மென்மையாக எண்ணெய் தடவுவதில் தப்பில்லை, குழந்தைக்கும் சுகம். ஆனால் அழுத்தி நீவி எலும்பை நேராக்க முடியாது. எலும்பு வாழைமட்டை இல்லை.

பின்-உள் வளைவில் மேலே மடங்கிய பாதத்தை மெதுவாகக் கீழ்நோக்கி நீட்டும் பயிற்சியை பிசியோதெரபிஸ்ட் சொல்லித் தருவார், ஒவ்வொரு முறை டயப்பர் மாற்றும்போதும் செய்தோம். அது தசைக்கும் தோலுக்குமான பயிற்சி. சிலருக்கு மாவுக்கட்டு அல்லது ஸ்பிளின்ட் சில வாரம் போடுவார்கள். எங்களுக்கு அது தேவைப்படவில்லை, மூன்று மாதத்தில் பாதம் கீழே இறங்கிவிட்டது.

முன்-வெளி வளைவு என்றால் கையே வைக்க வேண்டாம். டாக்டர் அறைக்கு வெளியே நான் பார்த்த ஒரு குடும்பம் ஏழு மாதக் குழந்தையை ஊரில் ஒருவரிடம் கொண்டுபோய் மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டியிருந்தது, திரும்பி வந்தபோது எலும்பு உடைந்திருந்தது. கட்டினதால் உடைந்ததா, எப்படியும் உடைந்திருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது, அந்த அம்மா மட்டும் அதைத் தன் மேல் போட்டுக்கொண்டிருந்தார்.

இன்னொரு குழப்பம்: இதை வளைபாதம் என்று நினைத்து வாராவாரம் மாவுக்கட்டு போட அனுப்புகிறவர்கள் உண்டு. வளைபாதத்தில் பாதம் கீழே, உள்ளே திரும்பியிருக்கும். பின்-உள் வளைவில் மேலே, வெளியே. நேர் எதிர்.

பின்-உள் வளைவு எவ்வளவு நாளில் நேராகும்?

முதல் வருடம் வேகமாக நேராகும். இரண்டு, மூன்று வயதுக்குள் பெரும்பகுதி போய்விடும், அப்புறம் நிதானமாகும். என் மகள் பதினான்கு மாதத்தில் நடந்தாள், நான்கு வயதில் பார்த்தவர்கள் எந்தக் கால் என்று கேட்டார்கள். வளைவு ஐந்து வயதுக்கு மேலும் கணிசமாக மிச்சம் இருந்தால் அறுவை சிகிச்சை பற்றிப் பேசுவார்கள், ஆனால் அந்த இடத்துக்கு வருகிறவர்கள் குறைவு.

நேராகிவிட்டதே, இனி எதற்கு டாக்டர்?

நிறைய பேர் கோட்டை விடும் இடம் இது. நாங்களும் ஒன்றரை வருடம் போகாமல் விட்டோம். கால் நேராகும், ஆனால் குட்டையாகவே இருக்கும்.

கணக்கு இப்படி. பாதித்த எலும்பு மற்றதைவிட எத்தனை சதவீதம் குட்டையோ, அந்தச் சதவீதம் கிட்டத்தட்ட அப்படியே தொடரும். பத்து சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். பிறந்த குழந்தையின் எலும்பு 7 செ.மீ. என்றால் வித்தியாசம் 7 மில்லிமீட்டர், யாருக்கும் தெரியாது. அதே எலும்பு 35 செ.மீ. ஆகும்போது வித்தியாசம் மூன்றரை செ.மீ. யாருக்கும் தெரியும். வளர்ந்து முடிக்கும்போது இரண்டிலிருந்து ஐந்து செ.மீ. வரை வித்தியாசம் வருவது சாதாரணம். சதவீதம் மாறாததால் இப்போதே ஒரு குத்துமதிப்பான கணக்குப் போட முடிகிறது, அதற்குத்தான் வருடம் ஒரு தடவை அளந்து எழுதிக்கொள்கிறார்கள்.

நீள வித்தியாசத்துக்கு என்ன செய்வார்கள்?

இரண்டு செ.மீ.க்குள் என்றால் ஒன்றும் செய்யாமலும் இருக்கலாம், செருப்புக்குள் ஒரு அட்டை வைத்தும் சமாளிக்கலாம். அதற்குமேல் என்றால் செருப்பின் அடியில் சோல் ஏற்ற வேண்டும். எங்கள் தெரு முனையில் செருப்பு தைக்கிறவர் பள்ளி ஷூவுக்கு ரப்பர் சோலை அடுக்காக ஒட்டித் தருகிறார், முழு வித்தியாசத்துக்கும் ஏற்றாமல் கொஞ்சம் குறைவாக ஏற்றச் சொன்னார் டாக்டர். சிக்கல் என்னவென்றால் நம் வீடுகளில் யாரும் செருப்போடு நடப்பதில்லை. ஷூவில் ஏற்றிய சோல் வாசலோடு நின்றுவிடுகிறது. வீட்டுக்குள் போட என்று தனியாக ஒரு ஜோடி எம்சிஆர் செருப்பு வாங்கி அதிலும் ஏற்றினோம், பாட்டி முதலில் முகம் சுளித்தாள், இப்போது அவளே எடுத்து வைக்கிறாள்.

இரண்டிலிருந்து ஐந்து செ.மீ. வரை என்று கணக்கு சொன்னால், நீளமான காலின் முழங்கால் அருகே இருக்கும் வளர்ச்சித் தட்டை, அதாவது எலும்பு நீளமாக வளரும் இடத்தை, குறித்த வயதில் நிறுத்திவிடும் சின்ன அறுவை சிகிச்சை இருக்கிறது. நல்ல காலில் ஏன் கை வைக்க வேண்டும் என்று எல்லோரும் கேட்பார்கள், நானும் கேட்டேன். நல்ல கால் கொஞ்சம் காத்திருக்கும், குட்டைக் கால் வந்து சேர்ந்துவிடும், அவ்வளவுதான். ஆனால் நேரம் தப்பினால் பலன் இல்லை: பெண்களுக்குப் பதினாலு வயது வாக்கிலும் ஆண்களுக்குப் பதினாறு வாக்கிலும் கால் வளர்ச்சி முடிந்துவிடும், அதற்கு இரண்டு மூன்று வருடம் முன்பே செய்தாக வேண்டும்.

அதைவிட அதிக வித்தியாசத்துக்கு எலும்பை நீட்டும் சிகிச்சை. சைபீரியாவின் குர்கான் நகரத்தில் கவ்ரீல் இலிசாரோவ் என்ற டாக்டர் 1950-களில் உருவாக்கியது இது. எலும்பை வெட்டி, வெளியே வளையங்கள் பொருத்தி, சில நாள் விட்டு, நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் வீதம் விலக்குவார்கள். இடைவெளியில் புது எலும்பு உருவாகும். வெளியுலகுக்கு இது தெரியவந்ததே கார்லோ மாவ்ரி என்ற இத்தாலிய மலையேறி 1980-இல் அங்கே போய்க் காலைச் சரிசெய்துகொண்டு திரும்பிய பிறகுதான். ஒரு செ.மீ.க்கு ஒரு மாதத்துக்கும் மேல் வளையம் காலில் இருக்கும், கம்பி நுழையும் இடங்களைத் தினமும் சுத்தம் செய்ய வேண்டும். விளையாட்டு இல்லை.

முன்-வெளி வளைவு என்று சொல்லிவிட்டார்கள். முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

தோலை. பால் கலந்த காபி நிறத்தில் தட்டையான திட்டுகள் இருக்கின்றனவா என்று குழந்தையை முழுக்க அவிழ்த்து வெளிச்சத்தில் பாருங்கள். 5 மில்லிமீட்டருக்கு மேல் அகலமான திட்டுகள் ஆறு அல்லது அதற்கு மேல் இருந்தால் நான் மேலே சொன்ன நியூரோஃபைப்ரோமடோசிஸ் சந்தேகம் வலுக்கும். ஒன்றிரண்டு இருந்தால் கவலை வேண்டாம், அது யாருக்கும் இருக்கும். பிறந்தபோது இல்லாமல் முதல் வருடத்தில் தோன்றுவதும் உண்டு, ஆகவே ஒரு தடவை பார்த்து முடித்துவிட வேண்டாம். அக்குளில் சின்னச் சின்னப் புள்ளிகள் பின்னால் வரும். உறுதியானால் எலும்பு டாக்டரோடு நிறுத்தாமல், கண் நரம்பில் கட்டி வரக்கூடும் என்பதால் வருடாவருடம் கண் பரிசோதனையும், கூடவே இரத்த அழுத்தமும் பார்க்க வேண்டும்.

ஒரு விதிவிலக்கு: அதே காலில் கட்டைவிரல் இரட்டையாக இருந்தால், முன்-வெளி வளைவாக இருந்தும் பெரும்பாலும் சாதுவாகவே போகும்.

ஆபரேஷன் செய்து நேராக்கிவிடலாமே?

கூடாது. இதைச் சத்தமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த நோயை அதிகம் பார்க்காத எலும்பு டாக்டர்கூட நல்ல மனதோடு இதைச் சொல்லக்கூடும். உடையாத முன்-வெளி வளைவை வெட்டி நேராக்கினால் வெட்டிய இடம் ஒட்டாமல் போகலாம், நாமே உடைத்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். எலும்பு உடையாமல் பாதுகாப்பதுதான் சிகிச்சை: குழந்தை நிற்க ஆரம்பிக்கும் முன்பே காலைச் சுற்றி முன்னும் பின்னும் ஓடு மாதிரி மூடும் காலிப்பர், வளர்ச்சி முடியும்வரை. எலும்பை வெட்டாமல் வளர்ச்சித் தட்டில் சின்னத் தகடு வைத்து மெல்லத் திருப்பும் முறையைச் சில இடங்களில் இப்போது செய்கிறார்கள், அது வேறு.

உடைந்துவிட்டால்?

உடைந்த இடத்தில் எலும்புக்குப் பதில் நார்த் திசு நிறைந்து, மூட்டே இல்லாத இடத்தில் கால் மடங்கும். பொய் மூட்டு என்று இதைச் சொல்லலாம். சாதாரண முறிவு போல மாவுக்கட்டில் ஒட்டாது, அடிபட்டதால் உடைந்தது என்று நினைத்து மாதக்கணக்கில் கட்டிக்கொண்டிருப்பது வீண்.

கெட்டுப்போன பகுதியை முழுக்க எடுத்துவிட்டு, வேறு இடத்திலிருந்து எலும்பு எடுத்து வைத்து, உள்ளே கம்பி கொடுப்பார்கள். இலிசாரோவ் வளையமும் உண்டு, இன்னொரு காலின் ஃபிபுலாவை இரத்தக் குழாயோடு எடுத்துப் பொருத்துவதும் உண்டு. கர்நாடகாவின் மணிப்பாலில் டாக்டர் பெஞ்சமின் ஜோசப் குழுவினர் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கே, கெட்ட பகுதியை எடுத்துவிட்டுக் கம்பி கொடுக்கும் அறுவை சிகிச்சையைச் செய்து முடிவுகளை வெளியிட்டிருக்கிறார்கள். வயது கூடட்டும் என்று காத்திருக்கச் சொல்லும் நிபுணர்களும் உண்டு. இரண்டு கருத்தையும் கேட்டுவிட்டு, இதை அடிக்கடி செய்கிற ஒரு கையிடம் கொடுங்கள். ஒட்டிய எலும்பு மறுபடி உடையக்கூடும் என்பதால் காலிப்பர் தொடரும். பல தடவை தோற்றபின் பாதத்தை எடுத்துவிட்டு செயற்கைக் கால் பொருத்துவதைச் சொல்வார்கள், கேட்கும்போது நெஞ்சு அடைக்கும். ஆனால் ஆறாவது ஆபரேஷனைவிட அதையே தேர்ந்தெடுத்து இப்போது ஓடுகிற பையனை நான் பார்த்திருக்கிறேன்.

நம் வெயிலில் காலிப்பர் எப்படிப் போடுவது?

உள்ளே மெல்லிய பருத்தி சாக்ஸ், தையல் உறுத்தாதபடி திருப்பிப் போட்டு. இரண்டு மூன்று ஜோடி வைத்துக்கொண்டு வியர்த்தால் மாற்றுங்கள். கழற்றியதும் தோலைப் பாருங்கள், சிவப்பு கால் மணி நேரத்தில் மறையவில்லை என்றால் காலிப்பர் அங்கே குத்துகிறது, தேய்த்துச் சரிசெய்து தருவார்கள். பவுடர் அள்ளிப் போட வேண்டாம், கட்டியாகி அறுக்கும். குழந்தை வளர வளரப் புதிது செய்ய வேண்டும், பழையதை ஒரு வருடம் இழுக்கலாம் என்று பார்த்தால் புண்தான் வரும்.

கால்சியம், வைட்டமின் டி கொடுத்தால்?

குறைபாடு இருந்தால் கொடுக்கத்தான் வேண்டும், ஆனால் பிறவி வளைவு அதனால் நேராகாது. வைட்டமின் டி குறைபாட்டால் வரும் ரிக்கெட்ஸ் வேறு, அது பெரும்பாலும் நடக்கும் வயதில் இரண்டு காலிலும் வரும், மணிக்கட்டு தடித்திருக்கும், இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம் என்பதால் அங்கே கால் வளைவு என்றதும் எல்லோரும் தண்ணீரைச் சொல்வார்கள், அதுவும் வளர்ந்தபின் வருவது.

செலவுக்கு எங்கே போவது?

அரசு மருத்துவமனையில் பிறந்திருந்தால் மாவட்டத்தில் இருக்கும் ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள், பிறவிக் குறைபாடுள்ள குழந்தைகளுக்காகவே அது இருக்கிறது. அறுவை சிகிச்சை என்று வந்தால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் அந்தச் சிகிச்சை இருக்கிறதா என்று மருத்துவமனைக் காப்பீட்டு மேசையில் தேதி குறிக்கும் முன்பே கேட்டுவிடுங்கள். மாற்றுத்திறனாளி சான்றிதழில் பெரும்பாலான சலுகைகளுக்கு 40 சதவீதக் குறைபாடு என்று இருக்க வேண்டும், என் மகள் மாதிரி லேசான வித்தியாசத்துக்கு அது வராது.

விளையாட விடலாமா?

பின்-உள் வளைவு என்றால் தாராளமாக. என் மகள் கோ-கோ ஆடுகிறாள், உட்கார்ந்த இடத்திலிருந்து எழும்போது நல்ல காலை ஊன்றி எழுகிறாள், அதை அவளாகவே கண்டுபிடித்துக்கொண்டாள். முன்-வெளி வளைவு என்றால் காலிப்பரோடு ஓடலாம், குதிப்பதையும் மோதி விளையாடுவதையும் டாக்டரிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும், பி.டி. ஆசிரியருக்கு ஒரு கடிதம் வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

எப்போது உடனே ஓட வேண்டும்?

நேற்று வரை நின்ற குழந்தை இன்று அந்தக் காலை ஊன்ற மறுத்தால், வளைவு திடீரென்று அதிகமானது போலத் தெரிந்தால், வளைந்த இடத்தைத் தொட்டாலே அழுதால். முன்-வெளி வளைவில் அடியே படாமலும் உடையும், வீக்கம்கூடப் பெரிதாக இருக்காது. காலை மடக்கிப் பார்க்காமல், ஒரு தலையணையை இரண்டாக மடித்து அதன் நடுவில் காலை வைத்து, சால்வையால் தளர்வாகச் சுற்றித் தூக்கிப் போங்கள், பழைய எக்ஸ்ரேயையும் மறக்காமல்.